பஸ் மறைத்த ஓட்டோக்கள்

திங்கள், இரவு

உயர்தர வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சேர், பாரமான துணிக்கை தேய்ந்து எதெதுவாகப் போகும் என்று வீதம் போட்டிருக்கிறாங்களே, ஆர் நின்று எண்ணினது?" பதில் நாக்கு நுனிவரை வந்தது. செய்தே காட்டுவோம் என்று விழுங்கிவிட்டேன்.

செவ்வாய்

தெஹிவளைச் சந்தி. காலி வீதியில் வரும் ஓட்டோக்களில் எத்தனை ஹில் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்புகின்றன? மொத்தத்தை எண்ண ஒரு மாணவி. திரும்புவதன் இலக்கத்தைக் குறிக்க, கடையொன்றின் மேல்மாடியில் அந்தப் பையன். மொத்தம் 200. அவன் கொப்பியில் 20.

"பத்து வீதம், சேர்."

பஸ் வந்து நின்றால் அவனுக்குத் தெருவே தெரியாது. நானோ முனையில் நின்று, திரும்பிய 10 ஓட்டோக்களின் இலக்கத்தை எழுதியிருந்தேன். அவனிடம் இருந்தவை 8. பத்தில் எட்டைப் பிடிப்பவன் 20 பிடித்திருக்கிறான் என்றால், திரும்பியவை 25. வீதம் பன்னிரண்டரை. பையன் பேசவில்லை.

புதன்

இன்று யப்பான் கதை. ட்சுகுபாவில் இலத்திரனையும் பொசித்திரனையும் மோதவிட்டு, பி மேசன் என்ற பாரமான துணிக்கைகளைச் சோடி சோடியாக உண்டாக்குகிறார்கள். ஆயுள், ஒரு செக்கனை இலட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்றரைப் பங்கு. பார்க்கும் கருவி பெல் இரண்டு, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்காளி.

தேடியது, பி மேசன் ஒரு கேயானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் தேயும் அரிய வழியை. நியூட்ரினோ தடமே விடாது. அப்படியானால் எத்தனை தப்பிப் போகின்றன என்று எப்படி அறிவது? நன்கு தெரிந்த வேறொரு தேய்வை எடுத்தார்கள். அதில் ஒரு கேயானோடு இரண்டு மியூவன்கள் பளிச்சென்று தெரியும். பதிவிலிருந்து அந்த மியூவன்களை வேண்டுமென்றே அழித்துவிட்டு, மிச்சத்தைத் தங்கள் தேடல் பிடிக்கிறதா என்று சோதித்தார்கள். நான் முனையில் நின்று இலக்கம் எழுதியது போலத்தான்.

38 கோடியே 70 இலட்சம் சோடிகளைத் துழாவி 2023இல் சொன்ன விடை: இலட்சத்துக்கு 2.3, கூடவோ குறையவோ 0.7. கோட்பாடு எதிர்பார்த்தது இலட்சத்துக்கு ஏறக்குறைய அரை.

"அப்ப கோட்பாடு பிழையா, சேர்?"

"அவசரப்படாதே. இன்னும் எண்ண வேணும்."

வியாழன்

மாலை சந்தியால் வந்தேன். அதே மேல்மாடியில் பையன் தனியே நிற்கிறான். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். புதிதாக ஒரு நிரல் கீறியிருக்கிறான்: 'பஸ் நின்ற நேரம்'.