0 வேறு, காலி இடம் வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் சேர்ந்து வருடந்தோறும் பிளஸ் டூ பிள்ளைகள் சிலருக்குப் படிப்புச் செலவுக்கு உதவுவது உங்களுக்குத் தெரியும். இந்த முறை மூன்று பள்ளிகளிலிருந்து விண்ணப்பங்கள் வந்தன. ஒரு பள்ளி எக்செல் தாளாக அனுப்பியது. இன்னொன்று கூகுள் படிவம். மூன்றாவது, கையால் எழுதிய காகிதங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கும் பொறுப்பைச் சென்னையில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன் ஏற்றுக்கொண்டான். பல இடத்துத் தகவல்களை ஒன்று சேர்ப்பதுதான் அவன் உத்தியோகமே. அலுவலகத்தில் இன்ஃபர்மேட்டிகா என்ற மென்பொருளில் செய்கிறானாம். அதற்குள் விதிகளை எழுத ஒரு சின்ன மொழி உண்டு. அந்த மொழியிலேயே நம் விதிகளை எழுதி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "சார், சரியான்னு பாருங்க" என்றான்.

கணினி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அதைப் பார்த்ததும் நம் கணக்கு வகுப்புதான் ஞாபகம் வந்தது. கூட்டல், கழித்தல், பெரியது, சிறியது எல்லாம் நாம் போட்ட அதே குறிகள். இரண்டு செங்குத்துக் கோடுகளை (||) நடுவில் போட்டால் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். இனிஷியலையும் பெயரையும் அப்படித்தான் சேர்த்திருந்தான். சார்பு என்று நான் போர்டில் எழுதினேனே, ஒன்றை உள்ளே கொடுத்தால் ஒன்று வெளியே வரும் என்று? அதுவும் இருக்கிறது. 'ஆர்ட்ரிம்' என்ற சார்பு பெயருக்குப் பின்னால் தெரியாமல் தட்டிய இடைவெளியை வெட்டிவிடும். இல்லையென்றால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளைகளாகப் பட்டியலில் வந்துவிடும்.

முக்கியமான விதி இதுதான்: ஆண்டு வருமானம் < 100000 என்றால் 'உதவி', இல்லையென்றால் 'அடுத்த சுற்று'. இதற்கு 'ஐஐஎஃப்' என்ற சார்பு. முதலில் நிபந்தனை, அடுத்து உண்மையானால் வரும் விடை, கடைசியில் பொய்யானால் வரும் விடை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வருமானம் எழுதாமல் விட்ட பிள்ளைகள் எங்கேப்பா போவாங்க?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "அடுத்த சுற்றுக்குப் போயிடுவாங்க சார்."

காரணத்தை அவனே விளக்கினான். காலியாக இருக்கும் கட்டத்துக்கு 'நல்' என்று பெயர். அது 0 இல்லை. 0 ஓர் எண்; அதற்கான கணக்கு விதிகளை பிரம்மகுப்தர் 628லேயே எழுதிவைத்துவிட்டார். நல் என்றால் 'தெரியாது' என்று பொருள். தெரியாததோடு 5ஐக் கூட்டினாலும் தெரியாதுதான். தெரியாதது ஒரு லட்சத்தைவிடச் சிறியதா என்று கேட்டால் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அதற்கும் விடை தெரியாதுதான். ஆனால் 'ஐஐஎஃப்' அந்தத் தெரியாததைப் பொய்யாக எடுத்துக்கொண்டு கடைசி விடையைக் கொடுத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் பார்க்க அழகாக இருக்கும்.

ஆசிரியர்களுக்கு இது புதிதில்லை. மதிப்பெண் பதிவேட்டில் தேர்வுக்கு வராத பிள்ளைக்கு 'வரவில்லை' என்று எழுதுவோம், 0 போட மாட்டோம். இரண்டு தேர்வில் 60, 80 வாங்கி மூன்றாவதுக்குக் காய்ச்சலில் படுத்தவனின் சராசரி 70. அங்கே 0 போட்டால் 47க்கும் கீழே போய்விடும். படித்த பிள்ளையை மக்குப் பிள்ளையாக்க ஒரு 0 போதும்.

"அப்போ 'இஸ்நல்' போட்டுக் காலியா இருக்கறவங்களையும் சேர்த்துடறேன் சார்" என்றான். வகுப்பு = 12 மற்றும் வருமானம் < 100000 அல்லது வருமானம் காலி. இதிலும் ஒரு சிக்கல். பெருக்கல் கூட்டலுக்கு முந்துவதுபோல அந்த மொழியில் 'மற்றும்' என்பது 'அல்லது' என்பதற்கு முந்தும். அடைப்புக்குறி போடாவிட்டால், வருமானம் எழுதாத ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் உள்ளே வந்துவிடும். அடைப்புக்குறி, அடைப்புக்குறி என்று நான் ஏன் அத்தனை வருடம் கத்தினேன் என்று இப்போதாவது புரிகிறதா?

கடைசியில் 'டிகோட்' என்ற சார்பை வைத்து எழுதினான். அது நிபந்தனைகளை வரிசையாகப் பார்த்து, முதலில் பொருந்தும் இடத்தில் நின்றுவிடும். வருமானம் காலியா? 'நேரில் பார்க்கவும்'. இல்லை, ஒரு லட்சத்துக்குக் குறைவா? 'உதவி'. இரண்டும் இல்லையா? 'அடுத்த சுற்று'. ஆமாம், இல்லை என்ற இரண்டு விடைகளோடு 'போய்ப் பார்' என்ற மூன்றாவது விடையும் கிடைத்தது.

அப்படி 9 பேர் வந்தார்கள். நானும் இரண்டு பழைய மாணவிகளும் ஒவ்வொரு வீடாகப் போனோம். இரண்டு வீட்டில் எழுத மறந்திருந்தார்கள், வசதியானவர்கள்தான். மற்ற 7 வீட்டிலும் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு பெண் பாட்டியோடு இருக்கிறாள். பாட்டிக்கு நூறு நாள் வேலைதான். வருமானச் சான்றிதழுக்கு யார் விண்ணப்பிப்பது, எந்தத் தாளைக் காட்டுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறாள். "தப்பா எழுதக்கூடாதுன்னு விட்டுட்டேன் சார்" என்றாள். முதல் விதிப்படி அவள் அடுத்த சுற்றுக்குப் போயிருப்பாள். அடுத்த சுற்றுக்குப் பணம் மிஞ்சியதே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

உங்களில் பலர் வங்கியிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் இப்படி விதி எழுதும் இடத்தில் இருக்கிறீர்கள். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இருக்கிறதா என்று கேளுங்கள். காலியாக விட்டவர்கள் எந்தப் பக்கம் விழுகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். விதி எழுதுபவருக்கு அது ஒரு வரி வேலைதான்.

அந்த 7 பிள்ளைகளையும் சேர்த்ததில் இந்த வருடம் தொகை கொஞ்சம் இடிக்கிறது. முடிந்தவர்கள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். சான்றிதழ் வாங்கித் தர இ-சேவை மையம்வரை கூட வரக்கூடியவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்