வெளியூரில் காணி வாங்கப் போகிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் காணிப் பேச்சு நடக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களிடம் பெற்றோர் வருவது பிள்ளையின் ரிப்போர்ட் பார்க்க மட்டும் அல்ல. பிளாஸ்டிக் பையில் சுற்றிய உறுதி ஒன்றை மேசையில் வைத்து, "சேர், இதுல என்னா எழுதியிருக்குன்னு பாருங்க" என்பார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க் காணி உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. பணம் கொடுத்து முடித்த பிறகுதான் அது எங்கள் கைக்கு வருகிறது. அதுதான் கவலை.

பூண்டுலோயாவில் காணி வாங்குவது லேசில்லை. சுற்றிவரத் தோட்டம். டன்சினனில் 2018 ஆகஸ்ட்டில் இந்திய உதவி வீடுகள் 404 கையளிக்கப்பட்டபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்பது லயத்தில் பிறந்தவர்களுக்குச் சின்ன விஷயமா? ஆனால் அந்த வரிசையில் எல்லோருக்கும் இடம் இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு "சேர், கீழே எங்கயாவது ஒரு துண்டு காணி" என்ற பேச்சு இன்னும் கூடிவிட்டது. தோட்டத்து ஆட்கள் வத்தளை, மாபோளை, ஹெந்தளை என்கிறார்கள். சிலர் வவுனியா, கிளிநொச்சி. எங்கள் டவுன் முஸ்லிம்கள் கம்பளை, மாவனல்லை, புத்தளம். போகட்டும், நல்லதுதான். எப்படி வாங்குகிறோம் என்பதில்தான் எங்களுக்குப் பேச்சு இருக்கிறது.

ஒரு தாயின் கதையைப் பெயர் இல்லாமல் சொல்கிறோம். ஒன்பது வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசில் பத்து பேர்ச் வாங்கினார். தரகர் காட்டிய இடத்தில் நான்கு மூலையிலும் கட்டை அடித்திருந்தது. உறுதியை நாங்கள் வாசித்தபோது 'நொபெதூ' என்ற சிங்களச் சொல் இருந்தது. பிரிக்கப்படாதது என்று அர்த்தம். அவர் வாங்கியது அந்தப் பத்து பேர்ச் துண்டை அல்ல; ஒரு ஏக்கர் காணியில், அதாவது 160 பேர்ச்சில், பத்து பேர்ச் அளவு பங்கை. எந்த மூலை அவருடையது என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. மற்றப் பங்காளிகள் சம்மதித்தால் பிரிக்கலாம், இல்லாவிட்டால் பிரிவிடல் வழக்கு. அந்த வழக்குகள் எத்தனை வருடம் இழுக்கும் என்று கோர்ட்டுக்குப் போனவர்களைக் கேளுங்கள். கட்டை யாரும் அடிக்கலாம். சர்வேயரின் பிளான் இலக்கமும் லொட் இலக்கமும் உறுதியின் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு சொல்லும் ஞாபகம் இருக்கட்டும்: 'ஜீவித புக்திய'. விற்பவரின் தாயோ தகப்பனோ சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை வைத்திருந்தால் அப்படி எழுதியிருக்கும். அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் அவர் உயிரோடு இருக்கும்வரை நீங்கள் அங்கே குடியேற முடியாது.

அடுத்தது அட்வான்ஸ். முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்து ஐந்து லட்சம் கொடுப்பது எங்கள் ஊரில் சாதாரணம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, காணி விற்பனை மட்டும் அல்ல, பின்னர் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வீட்டுத் திண்ணையில் எழுதிய துண்டை வைத்துக் காணியைக் கேட்க முடியாது. அட்வான்ஸ் கொடுப்பதென்றால் அதையும் நொத்தாரிசு எழுதட்டும்.

நொத்தாரிசு யார்? விற்பவரின் ஆளாகவோ தரகர் கூட்டிவந்த ஆளாகவோ இருக்கக் கூடாது, உங்கள் ஆளாக இருக்க வேண்டும். காணி எந்த மாவட்டமோ அந்த மாவட்டக் காணிப் பதிவகத்தில் அவர் பதிவேடுகளைத் தேட வேண்டும். அந்தப் பிரதிகளைச் சிங்களத்தில் 'பத்இரு' என்பார்கள். வங்கிகள் பொதுவாக 30 வருடத்துக்குப் பின்னால் பார்க்கும். நீங்களும் அவ்வளவு கேளுங்கள். ஈடு வைத்திருக்கிறதா, வழக்குப் பதிந்திருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். விற்பவரின் தகப்பன் மௌத்தாகியிருந்தால் வாரிசுகள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். எங்கள் ஆட்களில் மூத்த மகன் ஒருவர் மட்டும் கையெழுத்து வைத்து விற்பதைக் கண்டிருக்கிறோம். சகோதரிகளின் ஹக்கு அதில் இருக்கிறது; சட்டத்திலும் இருக்கிறது, மார்க்கத்திலும் இருக்கிறது.

எழுதி முடித்தவுடன் பதிவு செய்ய வேண்டும். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், ஏமாற்று இல்லாமல் முதலில் பதிந்தவரின் கை ஓங்கும். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இருபது லட்சக் காணிக்கு 79,000 ரூபாய். நொத்தாரிசு கட்டணம், சர்வேயர் செலவு வேறு. இந்தக் காசை ஒதுக்காமல் கடைசிச் சதம் வரை காணிக்கே கொடுத்துவிட்டு, உறுதியைப் பதியாமல் அலுமாரியில் வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன.

வன்னிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர்களுக்கு: மலிவுக்குக் காரணம் கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணி, ஜயபூமி, ஸ்வர்ணபூமி எல்லாம் அரசாங்கம் கொடுத்தவை. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாறாது. கலவரக் காலத்தில் இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போன எங்கள் மலையகச் சனத்தில் பலர் இன்னும் உறுதி கேட்டு நிற்கிறார்கள். அங்கே தேசவழமைச் சட்டமும் உண்டு. அதற்கு உட்பட்ட பங்குக் காணியை மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்காமல் வாங்கினால் முன்வாங்கும் உரிமை என்று வழக்கு வரும்.

கொழும்புப் பக்கம் என்றால் மழை காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளுக்குள் களனி ஆறு வந்தது. மண்சரிவுக்குப் பயந்து போய் வெள்ளத்தில் நிற்கவா? நிரப்பிய வயல் என்றால் கமநல அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வீடு கட்டலாமா, வீதி அகலிக்கும்போது காணி போகுமா என்பதைப் பிரதேச சபையிலோ நகர சபையிலோ எழுத்தில் வாங்கலாம்.

வாங்கிய பிறகு மறந்துவிடாதீர்கள். வேறொருவர் உரிமை கொண்டாடி, தடை இல்லாமல் பத்து வருடம் இருந்துவிட்டால் காணி அவருக்கே போகலாம். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால், உங்கள் அனுமதியில்தான் இருக்கிறார் என்று எழுத்தில் வையுங்கள். வேலியைக் கட்டுங்கள், வரியை உங்கள் பெயரில் கட்டுங்கள், லீவுக்கு லீவு போய் வாருங்கள்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வெளிநாட்டில் உழைத்தது பெண், உறுதி மட்டும் அண்ணன் பெயரில், மச்சான் பெயரில். "அவ வந்ததும் மாத்திக்கலாம்" என்கிறார்கள். மாற்ற மறுபடியும் நொத்தாரிசு, மறுபடியும் தீர்வை, அதற்கு அண்ணனின் மனமும் வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடியே அற்றோனித் தத்துவம் அனுப்பி அவர் பெயரிலேயே வாங்கலாம். அந்தத் தத்துவத்தில் வாங்குவதற்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்பதற்கு வேண்டாம்.

சனிக்கிழமைகளில் பின்னேர வகுப்பு முடிந்ததும் நாங்கள் இரண்டு மூன்று பேர் பாடசாலையில் இருப்போம். உறுதியின் போட்டோ கொப்பியைக் கொண்டு வாருங்கள், மூலத்தை வீட்டிலேயே வையுங்கள். வாசித்துச் சொல்வோம். சட்ட ஆலோசனைக்கு லோயரிடம்தான் போக வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள்.