கொல்லையில் ஒரு களம்

நமது மருமகன் துபையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, “மாமா, கொல்லையில் செயற்கைப் புல்தரை போட்டுப் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் அமைத்துவிடலாம்” என்று கூறியபோது, நாம் முதலில் நகைத்தோம். நாற்புறமும் நெல்வயல்களும், லால்பேட்டைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களுமாய்ப் பசுமை செழிக்கும் காட்டுமன்னார்கோயிலில் பிளாஸ்டிக் புல்லை விலைகொடுத்து வாங்குவதா? முதலாம் பராந்தக சோழனின் ‘வீரநாராயணன்’ என்னும் பட்டப்பெயரைத் தாங்கிய வீராணம் ஏரி, பத்தாம் நூற்றாண்டு தொட்டு நம் வட்டாரத்து வயல்களை நனைத்து வருகிறதே என்றோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. தொலைபேசியை நமது மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

காரணம் நமது பேத்தி. வயது 13. தெருக்கோடியிலிருந்த வெற்றுமனையில் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தவளை, ‘இனி அங்கே செல்ல வேண்டாம்’ என்று நிறுத்தியவர்கள் வேறெவருமல்லர், நாமேதாம். அன்றிலிருந்து அவளுடைய மட்டை சமையலறைக் கதவின் ஆணியில் தொங்கிற்று. அவள் நம்மிடம் முறையிடவில்லை. அதுதான் நம்மை உறுத்தியது. நாயகம் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடியதும், ஒருமுறை அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தியதும் அபூதாவூதில் காணும் செய்தி. மதரஸாவில் அதனை எத்தனையோ முறை மாணவர்க்கு விளக்கியிருக்கிறோம். ஆனால், நம் வீட்டுப் பிள்ளைக்கு ஓரிடத்தை மூடிவிட்டு, மற்றோரிடம் காட்டத் தோன்றவில்லையே!

இச்செயற்கைப் புல்லின் கதையும் விந்தையானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ஆம் ஆண்டு கூரையிட்ட பேரரங்கம் ஒன்றைத் திறந்தனர். கூரையின் ஒளிபுகும் தகடுகளால் கண் கூசி, ஆட்டக்காரர்கள் பந்தைக் காணமுடியாமல் தடுமாறினர். தகடுகளுக்கு வண்ணம் பூசியதும் வெயிலின்றி உள்ளேயிருந்த புல் மடிந்தது. மறு ஆண்டே பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். நம் நாட்டுக்கும் இதனோடு ஒரு கசப்பு உண்டு. 1975-இல் கோலாலம்பூரில் இயற்கைப் புல்லின்மீது ஹாக்கி உலகக்கோப்பை வென்ற இந்தியா, 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஆடி ஏழாம் இடத்திற்கு இறங்கியது. தோல்விக்குத் தரை ஒன்றே காரணமன்று. எனினும் பழகாத தரை என்பதும் மெய்யே. இன்றோ சென்னை எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் அத்தகைய தரையின்மீதுதான், 2023-இல் நம்மவர் மலேசியாவை 4–3 என வென்று ஆசியச் சாம்பியன் கோப்பையைக் கைக்கொண்டனர்.

இறகுப்பந்துக் களம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. சுற்றிலும் ஓட இடம் விட்டு, 50-க்கு 26 அடி என்று கயிறு பிடித்தோம். கயிற்றுக்குள் அகப்பட்டவை துணிதுவைக்கும் கல், இரண்டு கறிவேப்பிலைச் செடிகள், நமது துணைவியார் ஒன்பது ஆண்டுகளாய் வளர்த்த மல்லிகைப் பந்தல். நாம் அவர் முகத்தைப் பார்த்தோம். “பிள்ளை விளையாடட்டும், கறிவேப்பிலை கடையில் கிடைக்கும்” என்றார். மல்லிகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அதன் வேர்த்துண்டு ஒன்றை மண்தொட்டியில் ஊன்றினார். அது பிழைக்கவில்லை.

வேலையை ஏற்றவர் மூன்றே நாளில் முடித்தார். மேல்மண்ணைச் சுரண்டி, மணல் பரப்பி, அதன்மேல் புல்விரிப்பை ஒட்டிச் சென்றார். நாமும் மகிழ்ந்தோம். ஐப்பசி மழை வந்ததும் உண்மை வெளிப்பட்டது. நமது பகுதி காவிரிப் படுகையின் களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். தரை ஒரு மூலையில் அமிழ்ந்து, கணுக்காலளவு நீர் தேங்கி, தவளைகள் குடியேறின. ‘நன்னா, களத்தை ஏரியாக்கிவிட்டார்கள்’ என்று பேத்தி சிரித்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பிறருடைய வியர்வைப் பணமல்லவா அது!

தை பிறந்தபின் உள்ளூர் மேஸ்திரி ஒருவர் அதனைப் பிரித்துப் போட்டார். அவர் செய்த முறை நம் மனத்துக்கு ஒப்பியது. களிமண்ணை முக்கால் அடி ஆழம் வெட்டி எடுத்தார். கிராவல் கொட்டி, நீர் தெளித்து, ரோலர் ஓட்டினார். மூலைகளைத் திம்சுக் கட்டையால் இடித்தார். அதன்மேல் பெருஜல்லி, பின் சிறுஜல்லி, அதற்கும் மேல் பாறைத்தூள். நூறு அடிக்கு ஓரடி என்னும் கணக்கில், 26 அடி அகலத்திற்கு மூன்று அங்குலச் சாய்வு வைத்து, தாழ்ந்த ஓரத்தில் வாய்க்காலிட்டு, உறிஞ்சுகுழி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார். விரிப்பின் அடியிலுள்ள துளைகள் வழியே நீர் இறங்கி, இப்போது மழைநீர் கிணற்றடி மண்ணுக்கே போகிறது. புல்லிழைகள் நிமிர்ந்து நிற்க, இடையில் ரப்பர்த் தூளுக்குப் பதில் மணலையே தூவச் சொன்னோம். அத்தூள் மண்ணிலும் நீரிலும் கலந்து கேடு செய்வதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அதன் விற்பனையைத் தடைசெய்யச் சட்டமியற்றி, நடைமுறைக்கு எட்டாண்டு தவணை கொடுத்திருக்கிறது. பிளாஸ்டிக் இழையும் தேயும், உதிரும் என்பதை நாம் மறைக்கவில்லை. பத்தாண்டு கழித்து இவ்விரிப்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்னும் கேள்வியை மருமகனிடம் கேட்டிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சித்திரையில் லுஹர் தொழுதுவிட்டு வெறுங்காலோடு அதில் இறங்கினோம். இயற்கைப் புல் தன் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இதற்கு அவ்வித்தை தெரியாது. ஐம்பதைக் கடந்த ஆலிம் ஒருவர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தோடிய காட்சியை, வீட்டார் இன்றுவரை விருந்தினருக்கு நடித்துக் காட்டுகின்றனர். அன்றுமுதல் அஸர் தொழுகைக்குப் பின்னரே களம் திறக்கும்; மஃரிப் பாங்கு கேட்டதும் மூடும்.

தமிழ் இந்த இடத்தில் நமக்கு ஒரு நல்ல சொல்லைத் தந்திருக்கிறது. அரபியில் ‘மல்அப்’ என்றால் விளையாடுமிடம் மட்டுமே. தமிழில் களம் என்பது நெல்லடிக்கும் இடம், போர்புரியும் இடம், ஆடும் இடம் மூன்றுக்கும் பொது.

சென்ற வாரம் ஓதிக்கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, கொல்லைக் கதவருகே ஐந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. நமது தெருவுப் பெண்பிள்ளைகள். இருவர் நம்மிடம் ஓதுபவர்கள். அவர்களையும் வெற்றுமனைக்குப் போகவேண்டாமென அவர்தம் பெற்றோரிடம் சொன்னது நாம்தாம். நம்மைக் கண்டதும் மட்டைகளை முதுகுக்குப்பின் மறைத்தனர். சலாம் உரைத்து, “யார் முந்துகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டோம். துணைவியார் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே, “உன் பேத்தி இல்லை” என்றார்.