ரெய்சினா குன்றின் கருமுகக் காவலர்கள்

தலைநகரில் லங்கூர்கள் வேலை இழந்துவிட்டன. அவற்றின் இடத்துக்கு மனிதர்கள் வந்துவிட்டார்கள். கடியும் கிருமியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

புது தில்லியின் ரெய்சினா குன்றில் ஆட்சிகள் மாறும், குரங்குகள் மாறுவதில்லை. குடியரசுத் தலைவர் மாளிகையின் மதில்களும் நார்த் பிளாக், சௌத் பிளாக்கின் மணற்கல் மாடங்களும் செம்முக ரீசஸ் குரங்குகளின் ராஜபாட்டை. கோப்புகளைக் கிழிப்பதும் சாப்பாட்டு டப்பாக்களைப் பறிப்பதும் அவற்றுக்கு அன்றாட அலுவல். குமாஸ்தாக்கள் சிரித்துக்கொண்டே சொல்லிவந்த இந்தத் தொல்லை 2007 அக்டோபரில் விபரீதமாயிற்று. வீட்டு மாடியில் குரங்குகளை விரட்டப்போன தில்லி துணை மேயர் சுரீந்தர் சிங் பாஜ்வா, கீழே விழுந்து உயிரிழந்தார்.

அன்று தலைநகருக்குத் தெரிந்த கைமருந்து லங்கூர். கரிய முகமும் நீண்ட வாலும் கொண்ட இந்தப் பெரிய குரங்கைக் கண்டால் ரீசஸ் கூட்டம் ஒதுங்கிப்போகும். காலையில் சைக்கிள் கேரியரில் எஜமானருக்குப் பின்னால் உட்கார்ந்து, கழுத்தில் கயிறோடு அது வேலைக்கு வரும். அமைச்சகங்கள், பங்களாக்கள் என்று எங்கும் அதற்குக் கிராக்கி. 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின்போது 38 லங்கூர்கள் பணியில் இருந்தன. பொழுது சாய்ந்தால் மீண்டும் சைக்கிள், மீண்டும் எஜமானரின் குடிசை.

கதையின் மறுபாதி அந்தக் குடிசையில்தான் இருக்கிறது. ஒரே காற்று, ஒரே தண்ணீர், சில சமயம் ஒரே ரொட்டி. குரங்கிடமிருந்து மனிதனுக்கு நோய் வரும் என்பது எல்லோரும் அறிந்தது. மனிதனிடமிருந்து குரங்குக்குப் போகும் என்பதைத்தான் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். வீட்டில் ஒருவர் இருமினால், கயிற்றில் கட்டிய குரங்குக்கும் அதில் பங்கு உண்டு. குரங்கினங்களைக் காசநோய் எளிதில் தொற்றும், வேகமாகவும் முற்றும். தட்டம்மையும் அப்படித்தான். வயிற்றுப்போக்குக் கிருமிகளும் குடற்புழுக்களும் இரு பக்கமும் போய்வரும். போதாக்குறைக்கு லங்கூர் இலை தின்னும் பிராணி. தழைகளை நொதிக்கவைத்துச் செரிக்கும், பல அறைகள் கொண்ட இரைப்பை அதற்கு. பிரெட்டும் இனிப்பும் அந்த வயிற்றுக்கு ஆகாது.

குரங்கிலிருந்து மனிதனுக்கு வருவதில் முதல் கவலை ரேபிஸ். நாய்தான் இந்நோயின் பிரதான வாகனம் என்றாலும், ரேபிஸ் கண்ட எந்தப் பாலூட்டியும் அதைப் பரப்பலாம். குரங்குக் கடியையும் அலட்சியம் செய்வதற்கில்லை. தோல் கிழிந்து ரத்தம் வந்தால் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு தாமதமின்றித் தடுப்பூசி, கூடவே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிக்கு இந்தியா எப்போதோ விடை கொடுத்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போவதில் உயிரே போகலாம். ரேபிஸ் அறிகுறி தலைகாட்டிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது.

இரண்டாவது கவலை 'பி' வைரஸ். 1932இல் நியூயார்க்கில் போலியோ ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த டாக்டர் வில்லியம் பிரெப்னர், பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்த ரீசஸ் குரங்கு ஒன்றால் கடிபட்டு இறந்தார். அவர் பெயரின் எழுத்தே வைரஸின் பெயராயிற்று. குரங்குக்கு அது பெரும்பாலும் வாய்ப்புண் அளவு உபத்திரவம். மனிதனுக்கு மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் எமன். அதன் பிறகு இன்றுவரை உலகம் முழுவதும் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 50 பேர்தான். பெரும்பாலோர் ஆய்வுக்கூடங்களில் குரங்குகளைக் கையாண்டவர்கள். அவர்களில் 21 பேர் இறந்தார்கள். அபூர்வம், ஆனால் கொடியது.

குரங்கு, முசு, ஊகம் என்று தொல்காப்பிய மரபியல் இனம் பிரித்துப் பேசும். நாம் எல்லாவற்றையும் குரங்கு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வைரஸ் அப்படிச் செய்வதில்லை. அது ரீசஸ் முதலான மெக்காக் குரங்குகளின் வாடிக்கை விருந்தாளி. லங்கூர், அதாவது முசு, அதன் இயற்கை வீடு அல்ல. கயிற்றில் இருந்த காவலனைவிட, அது விரட்டிய எதிரியிடம்தான் இந்த ஆபத்து அதிகம்.

அந்த எதிரியை ஊட்டி வளர்ப்பதும் தில்லிவாசிகளே. செவ்வாய்க்கிழமை கன்னாட் பிளேஸ் அனுமன் கோயிலில் கூட்டம் அலைமோதும். நகரெங்கும் பக்தர்களின் வாழைப்பழமும் கடலையும் குரங்குக் கைக்குப் போகும். உள்ளங்கையில் நீட்டிய பழத்துக்கும் பல் பதிந்த விரலுக்கும் இடைவெளி அதிகமில்லை.

சட்டம் இதற்கிடையே தன் வேலையைச் செய்தது. குரங்கை வித்தை காட்டப் பழக்குவதற்கு 1998இல் மத்திய அரசு தடை போட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் லங்கூரைப் பிடித்து வேலை வாங்குவதும் குற்றம் என்று 2012இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் நினைவூட்டியது. லங்கூர்கள் விடைபெற்றன. அவற்றைப் பராமரித்தவர்களின் பிழைப்பும் கூடவே போயிற்று.

காலியிடம் வெகுநாள் காலியாக இருக்கவில்லை. லங்கூர் போல் குரல் எழுப்பி விரட்ட 40 பேர் அமர்த்தப்பட்டிருப்பதாக 2014இல் அமைச்சர் வெங்கையா நாயுடு நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். 2023 ஜி-20 மாநாட்டின்போது லங்கூர் கட்அவுட்டுகளும் சாலையோரம் நின்றன. கட்அவுட்டைக் குரங்கு கடித்தால் நஷ்டமில்லை. குரல் கொடுக்கும் மனிதனுக்கு, கடி வாங்குவதற்கு முன்பே போடும் ரேபிஸ் தடுப்பூசியும், பக்கத்தில் ஒரு குழாயும், ஒரு சோப்புக் கட்டியும் வேண்டும். ரெய்சினா குன்றின் செலவுக் கணக்கில் இவை பெரிய தொகை அல்ல.