வானூர்தியின் செவி

வைகறைத் தொழுகைக்காகப் பள்ளிவாசலை நோக்கி இருளில் நடந்து செல்கிறோம். நெடுந்தொலைவில் ஒருவர் கைவிளக்குடன் வருகிறார். அவ்விளக்கை நாம் கண்டுவிடுகிறோம்; அவரோ நம்மை இன்னும் காணவில்லை. ஒளி நம்மை வந்தடைந்தாலே நமக்குப் போதும். அவருக்கோ, அது நம்மீது பட்டு மீண்டும் அவர் கண்களைச் சென்றடைய வேண்டும். போர் விமானங்களில் உள்ள ரேடார் எச்சரிக்கைக் கருவியின் அடிப்படை இதுவே.

ரேடாரை வானொலி அலைகளாலான கைவிளக்கு எனலாம். தொலைவு இருமடங்கானால், விமானத்தை வந்தடையும் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகிறது. எதிரொலித்துத் திரும்பும் அலையின் வலிமையோ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே, தேடுபவன் காணும் முன்பே தேடப்படுபவன் அறிந்துகொள்ள இயலும். வௌவாலின் மீயொலியைக் கேட்டு விலகிப் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு இத்திறனை இறைவன் என்றோ அருளிவிட்டான்.

இக்கருவி எதனையும் ஒலிபரப்புவதில்லை. கேட்பது ஒன்றே அதன் தொழில். விமானத்தின் உடலில் வெவ்வேறு திசைகளை நோக்கிப் பெரும்பாலும் நான்கு ஆன்டெனாக்கள் பொருத்தப்பட்டிருக்கும். எதில் அலை வலுவாக விழுகிறது என ஒப்பிட்டுக் கருவி திசையை உணர்கிறது. அலையின் அதிர்வெண், துடிப்பின் அகலம், துடிப்புகளின் இடைவெளி ஆகியவற்றை அளந்து, தன் நினைவகப் பட்டியலோடு ஒப்புநோக்கி, இன்ன ரேடார் எனப் பெயரும் சொல்கிறது. தேடும் ரேடார் சுழன்று சுழன்று விட்டுவிட்டுத் தொடும். குறிபார்க்கும் ரேடார் பார்வையை அகற்றாது. அவ்வேறுபாட்டை விமானி தம் காதில் விழும் ஒலியால் உணர்கிறார். அதன்பின் உயிர்காத்துக்கொள்ள அவருக்குக் கிடைப்பவை சில நொடிகளே.

1965 ஜூலை 24 அன்று வட வியட்நாம் வானில் அமெரிக்கப் போர் விமானமொன்றைச் சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. அப்போரில் தரையிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணைக்கு இரையான முதல் அமெரிக்க விமானம் அதுவே. அதன்பின் அந்நாடு இக்கருவிகளைத் தன் விமானங்களில் விரைந்து பொருத்தலாயிற்று.

எனினும் செவி பொய்த்த வேளைகளும் உண்டு. 1973 அக்டோபர்ப் போரில் எகிப்தும் சிரியாவும் சாம்-6 எனப்படும் ஏவுகணையைப் பயன்படுத்தின. அதனை வழிநடத்திய அலை விட்டுவிட்டு வரும் துடிப்பன்று, இடையறாத தொடரலை. இஸ்ரேலிய விமானங்களின் கருவிகள் அதனை அறிந்திருக்கவில்லை. அலை வந்து தொட்டும் அவை வாய்திறக்கவில்லை.

1995 ஜூன் 2 அன்று பொசுனியா வானில் அமெரிக்க எஃப்-16 விமானமொன்று வீழ்ந்தது வேறொரு பாடம். செர்பியப் படையினர் ரேடாரை அணைத்து வைத்திருந்து, விமானம் எட்டும் தொலைவுக்கு வந்த பின்னரே இயக்கினர். எச்சரிக்கை ஒலித்தபோது காலம் கடந்துவிட்டது. குதித்துத் தப்பிய விமானி ஆறு நாட்களுக்குப் பின் மீட்கப்பட்டார்.

முன்னதில் பகை பேசியது, செவிக்கு அம்மொழி தெரியவில்லை. பின்னதில் மொழி தெரிந்திருந்தது, பகை பேசவில்லை. வெப்பத்தை நாடிவரும் ஏவுகணையோ ரேடார் அலையே இன்றி வருவது. அதனை இச்செவி கேட்கவே இயலாது.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இதில் என்ன உண்டு? வள்ளுவர் ‘கேள்வி’ என ஓர் அதிகாரமே வகுத்தார். காதால் கேட்பதையும், கேட்டு அறிந்த அறிவையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி நம்முடையது. அவ்விரண்டும் பிரிந்தால் என்ன நேரும் என்பதை 1973ஆம் ஆண்டு காட்டிற்று. செவி இருந்தால் மட்டும் போதாது. கேட்டது இன்னதென உணரும் கல்வி வேண்டும். ஓசையின்றி வரும் கேடும் உண்டு என்னும் பணிவும் வேண்டும்.

வானில் பறப்பவனும் தரையில் குறிபார்ப்பவனும் தாய் பெற்ற மக்களே. இத்துணை நுண்ணிய செவியைப் போருக்கெனச் சமைத்த மாந்தர், ஒருவர் குரலை மற்றவர் கேட்கும் செவியையும் பெறுவாராக!