முல்லைத்தீவுக் கரையில் ஒரு ஞாபகார்த்தம்

மாங்குளத்துச் சந்தியிலே யாழ்ப்பாணத்து நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினோம். பாலையும் முதிரையும் அடர்ந்த காடு இருமருங்கிலும் எம்முடன் கூடவே வந்தது. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீசுவரரை வணங்கி, முள்ளியவளையையும் தண்ணீரூற்றையும் கடக்கையில் வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து அதிக தூரமில்லை, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரிலே விளக்கெரிக்கும் கோயில் அது. கடலைத் தாயாகக் கொண்டாடும் சனங்கள் வாழும் பகுதி இது.

அந்தக் கடல்தான் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஊருக்குள் புகுந்தது. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை இக்கரையை அடைந்தது. முன்னறிவிக்கும் ஏற்பாடு அக்காலத்தில் இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர்.

நாம் தேடிச் சென்ற வீடு கரையிலிருந்து சற்று உள்ளே இருந்தது. முற்றத்து வேப்பமர நிழலில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு குத்துவிளக்கு, ஓர் உண்டியல், கட்டுக்கட்டாய் அப்பியாசக் கொப்பிகள். படம் எதுவும் இல்லை. அலைக்குத் தப்பிய ஒரே படமும் 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதாம்.

அந்த அம்மையாரின் மகளுக்கு அப்போது ஏழு வயது. தை மாதத்தில் மூன்றாம் வகுப்புக்குப் போக இருந்தவள். வாங்கி வைத்த புதுக்கொப்பிகளையும் அலை கொண்டுபோயிற்று. மறு ஆண்டு, கருவாடு விற்ற காசில் பத்துக் கொப்பிகள் வாங்கி அயலாரின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் தாய். பின்னர் அயலாரும் சேர்ந்தனர். கடற்றொழிலாளர் ஒரு நாட் பாட்டில் ஒரு பங்கை உண்டியலில் இட்டனர். கடல் கடந்து வாழும் உறவினரும் அனுப்பினர்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் தம்பதியர், 1884ஆம் ஆண்டு பதினைந்து வயதில் இறந்த ஒரே மகனின் நினைவாகப் பெரும் பல்கலைக்கழகமொன்றை நிறுவினர். செல்வத்தின் அளவு வேறு. தாய் தந்தையரின் மனம் ஒன்றுதான். தம் பிள்ளைக்குச் செய்ய முடியாது போனதை ஊரார் பிள்ளைக்குச் செய்து ஆறுகிறது அந்த மனம்.

நாம் சென்ற அன்று ஒரு சிறு வழக்கும் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பதாகை பிடித்துப் படம் எடுத்தால் இன்னும் பெருந்தொகை சேருமே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கணக்குக் காட்டாமல் யார் கொடுப்பார்கள்?

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "கணக்கை நான் எழுதித் தாறன், தம்பி. ஆனால் வரிசையில நிண்டு சோறு வாங்கின சனம் நாங்கள். முகாமில நிண்ட அந்த வரிசை காணும். என்ர பிள்ளையின்ர பேரில இன்னொரு வரிசை வேண்டாம்" என்றார்.

உறவினர் தலை குனிந்தார். எமது தோளிலும் புகைப்படக் கருவி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை மெல்ல உறையில் இட்டோம்.

கொப்பிகள் பள்ளி ஆசிரியையின் வீட்டுக்குப் போகும். எந்தப் பிள்ளைக்குத் தேவை என்பது அவருக்குத் தெரியும். தாய்மார் தம் வசதிப்படி வந்து வாங்கிச் செல்வர். மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஆண்டு முடிவில் வரவு செலவு மட்டும் ஒரு தாளில் எழுதப்பட்டு, கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேரும்.

விடைபெறுமுன் எம்மால் இயன்றதை உண்டியலில் இட்டு, ஒரு கொப்பியை எடுத்துப் புரட்டினோம். ஞாபகார்த்த முத்திரை எதுவும் அதில் இல்லை. அட்டையில் 'பெயர்' என்ற சொல்லுக்கு எதிரே கோடு வெறுமையாக இருந்தது. அதில் எழுதப்படப்போவது இறந்த பிள்ளையின் பெயரன்று. தை மாதத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பெயர்.