கண்ணாடிச் சட்டமும் மஹர் பாக்கியும்



சென்ற ரமளானுக்கு முன் வீட்டைத் தூய்மை செய்தபோது, பரணில் இருந்த தகரப் பெட்டிக்குள் கரையான் ஏறியிருப்பதைக் கண்டோம். 2004ஆம் ஆண்டு நடைபெற்ற நம் திருமணத்தின் நினைவுப் பொருள்கள் அதில்தான் இருந்தன. பச்சை அட்டையில் அச்சிட்ட நிக்காஹ் அழைப்பிதழ், துணைவியாரின் கருகமணி, அவருடைய தாயார் தந்த மதுரைச் சுங்குடிச் சேலை, காகிதத்தில் பொதிந்த மல்லிகைச் சரம், ஜமாஅத் வழங்கிய நிக்காஹ் பதிவுச் சான்று. இறையருளால் அழைப்பிதழின் ஓர் ஓரம் மட்டுமே அரிக்கப்பட்டிருந்தது.

"இதையெல்லாம் கண்ணாடி ஃபிரேம் போட்டு வெச்சுட்டா பிள்ளைகளும் பாக்குமே" என்றார் துணைவியார். உருவப்படங்களைச் சுவரில் மாட்டுவதை நம் வீட்டில் தவிர்த்து வருகிறோம். இவை வெறும் பொருள்கள் என்பதால் உடன்பட்டோம். கருகமணி மார்க்கக் கடமை அன்று, ஊர் வழக்கமே. அந்த அளவில் அதற்கும் ஓரிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

காஜிமார் தெருவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு ஃபிரேம் கடைக்குப் பையுடன் சென்றோம். கடைக்காரர் தம் தொழிலை நன்கு அறிந்தவர். சாதாரணச் சட்டம் போதாது, இரண்டு அங்குல ஆழமுள்ள பெட்டி வடிவில் செய்தால்தான் கண்ணாடி பொருள்களின் மேல் படாது என்றார். சுங்குடியின் புள்ளிகள் நூலால் முடிந்து சாயமேற்றியவை. பசை தடவினால் துணி கறைபடும். ஆகவே ஓரத்துண்டை மட்டும் வெட்டி, பின்துணியோடு நூலால் தைக்கச் சொன்னார். மல்லிகை பழுப்பேறிவிட்டது, இனி வெண்மை திரும்பாது. ஈரம் இல்லாமல் வைத்தால் உதிராமலாவது இருக்கும். வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. ஆவணம் எதுவானாலும் அசலை வீட்டில் பத்திரப்படுத்தி, நகலையே வைக்க வேண்டும்.

"நடுவுல எதை வைக்கட்டும், ஹஜ்ரத்?"

தயக்கமின்றி, "நிக்காஹ் சான்று" என்றோம். நகல் எடுப்பதற்காக அதைப் பிரித்தபோது, பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அதை வாசித்தோம். மஹர்: 3 சவரன் தங்கம். உடன் கொடுத்தது: 1 சவரன். பின்னர் கொடுக்க வேண்டியது: 2 சவரன்.

அன்புக்குரியவர்களே, இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துபவர் நாம். உடன் கொடுக்கும் மஹருக்கும் தவணை மஹருக்கும் அரபியில் ஏறத்தாழ ஒரே உச்சரிப்பு. முன்னதில் 'ஐன்' எழுத்தும் பின்னதில் 'ஹம்ஸா'வும் வரும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'முஅஜ்ஜல்'தான். இதைக் கரும்பலகையில் எழுதி விளக்கியுள்ளோம். அலீ (ரலி) அவர்கள் தம் போர்க்கவசத்தையே பாத்திமா (ரலி) அவர்களுக்கு மஹராக அளித்ததையும், வசதியற்ற ஒரு தோழரிடம் இரும்பு மோதிரமேனும் தேடிவரும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் சொல்லிக் கொடுத்துள்ளோம். நம் வீட்டுக் கணக்கை மட்டும் பார்க்கவில்லை.

அன்றிரவு துணைவியாரிடம், "உன் மஹர்ல ரெண்டு சவரன் பாக்கி இருக்கு, நெனப்பு இருக்கா?" என்று கேட்டோம்.

"இருக்கு. மூத்தவ பொறந்தப்ப கேக்கலாம்னு நெனச்சேன். உங்க சம்பளம் தெரிஞ்சதால கேக்கல."

"அப்ப விட்டுக் குடுத்துட்டியா?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கேக்காம இருந்தேன். விட்டுக் குடுத்தேன்னு சொல்லலையே" என்றார்.

அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம், மனைவி தானாக மனமுவந்து விட்டுக்கொடுப்பதை நமக்கு ஆகுமாக்குகிறது. மௌனத்தை அவ்வாறு கொள்ள இயலாது. கொடுக்காத மஹர் கடன். கணவன் இறந்தால் வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் தீர்க்கப்பட வேண்டியது. தங்கமாக எழுதப்பட்டதால் தங்கமாகவே நிற்கிறது. அன்றைய விலையில் எளிதாகத் தீர்ந்திருக்கும் 16 கிராம், இன்றைய விலையில் மதரஸா ஊதியத்திற்குப் பெரும் சுமை. தாமதித்தவர் நாம், சுமையும் நம்முடையதே.

மறுநாள் கடைக்காரரிடம் சென்று, நடுவிடத்தை வெறுமையாக விடவும், பின்பலகையை ஆணியடிக்காமல் திருகாணியில் நிறுத்தவும் கேட்டுக்கொண்டோம். மாலை நேரக் குர்ஆன் வகுப்பில் கிடைக்கும் தொகையைச் சேர்த்து, இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை ஒரு கிராம் நாணயம் வாங்கித் துணைவியாரின் கையில் கொடுத்து வருகிறோம். இதுவரை 5 கிராம் ஆகியுள்ளது. சட்டம் முன்னறையில், வெயில் படாத சுவரில் இருக்கிறது. நடுவில் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்ட மூத்த மகளிடம் உள்ளதைச் சொன்னோம்.

"என் நிக்காஹ்ல முழுசா அன்னைக்கே வாங்கிக்குவேன், அத்தா" என்றாள். அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கும் நமக்கு, அந்தச் சொல் நிறைவளித்தது.

திருமண நினைவுகளை அழகுபடுத்துவதில் தவறில்லை. மாட்டுவதற்கு முன் சான்றை ஒரு முறை வாசியுங்கள். பாக்கி இருந்தால் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே பேச்செடுங்கள்.

கடனின்றித் தன்னைச் சந்திக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.